வாசகர் கேள்வி – பதில்: கம்யூனிட்டி காலேஜ் வழியாக டீச்சர் ஆகலாமா?

இந்தப் பகுதியில் பதில் எழுதுபவர் தெற்குக் கலிபோர்னியாவில் ஓர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. விருதுநகரில் பள்ளிப் படிப்பை முடித்து, திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்து, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) தொடங்கி கால் ஸ்டேட் என்ற, பல வளாகங்கள் கொண்ட மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் ஆசிரியர் சான்றும் பெற்றவர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆசிரியர் வேலை பற்றியே இருந்ததால் அவற்றை மட்டும் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 38 வயது. திருச்சி பக்கம் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் படிக்கும் பள்ளியிலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். சின்னப் பிள்ளைகள் என்னைச் சுற்றியே நிற்பார்கள். நானும் டீச்சர் ஆக முடியுமா? எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும், எத்தனை வருடம் பிடிக்கும்? நான் கல்லூரி வாசலையே மிதித்ததில்லை.
— வாசகி, ஆர்ட்டீசியா

பதில்: முடியும் தங்கச்சி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகள் உங்களைச் சுற்றி நிற்கிறார்கள் என்ற வரி. மற்றதெல்லாம் படித்துக்கொள்ளக் கூடியது.

போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் தொடக்கப் பள்ளி வகுப்பை எடுக்க மல்டிபிள் சப்ஜெக்ட் கிரெடென்ஷியல் என்ற சான்று வேண்டும். கணக்கு, ஆங்கிலம், அறிவியல், சமூகம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆசிரியர் ஒரே வகுப்புக்கு எடுப்பதற்கான சான்று அது. அதற்குப் பட்டமும் வேண்டும், ஆசிரியர் பயிற்சியும் வேண்டும். உங்களிடம் பட்டம் இல்லாததால் வழி இப்படிப் போகும்: கம்யூனிட்டி காலேஜில் 60 யூனிட் (பாடங்களின் அளவை யூனிட்டில்தான் கணக்கிடுவார்கள்), அங்கிருந்து கால் ஸ்டேட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, அதாவது படித்த யூனிட்டுகளோடு அங்கே மாறி, இன்னும் 60 யூனிட், அதன்பின் கிரெடென்ஷியல் பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். சில வளாகங்களில் இந்தப் பயிற்சியைப் பட்டப் படிப்புக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

கம்யூனிட்டி காலேஜில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. மாநிலத்தில் 116 கல்லூரிகள் இருக்கின்றன, 18 வயது நிரம்பிய யாரையும் சேர்த்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பக்கத்தில் நார்வாக்கில் செரிட்டோஸ் காலேஜ் இருக்கிறது. பயனியர் புலவார்டு கடைத்தெருவிலிருந்து காரில் சில நிமிடம்தான். ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கென்றே அங்கே டீச்சர் டிராக் என்ற திட்டம் நடக்கிறது. கால் ஸ்டேட்டின் லாங் பீச் வளாகமான லாங் பீச் ஸ்டேட்டோடு சேர்ந்து நடத்துவதால், எந்தப் பாடத்தை எப்போது எடுத்தால் அங்கே கணக்கில் வரும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். நேரில் போங்கள். ‘தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும், டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கவுன்சலரிடம் சொல்லுங்கள். ‘குழந்தைகளோடு வேலை செய்யப் பிடிக்கும்’ என்று மட்டும் சொன்னால் பாலர் பள்ளிச் சான்றுக்கான பாடங்களைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அது நல்ல படிப்புதான், ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு.

கம்யூனிட்டி காலேஜில் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு வருடப் பட்டத்தின் பெயர் ‘அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்’, அதில் ‘எலிமென்ட்டரி டீச்சர் எஜுகேஷன்’ பிரிவு. 2010-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தால் உருவானது இந்தப் பட்டம். இதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. ஆனால் இந்த உறுதி ஏதாவது ஒரு வளாகத்துக்குத்தான், நீங்கள் ஆசைப்படும் வளாகத்துக்கு என்று இல்லை. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வேறு ஊர் போக முடியாத நம் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். லாங் பீச் மாதிரி நெரிசலான வளாகத்துக்கு என்ன மதிப்பெண் தேவைப்படுகிறது, அந்த வளாகத்தைச் சுற்றியுள்ள பகுதி மாணவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று முதல் செமஸ்டரிலேயே விசாரியுங்கள். டிரான்ஸ்ஃபர் பட்டத்துக்கு ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.0 போதும் என்று போட்டிருப்பார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், பின்னால் கிரெடென்ஷியல் சேர்க்கையில் அதைவிட அதிகம் கேட்பார்கள்.

அசிஸ்ட் என்ற இணையதளத்தைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று அதில் இருக்கும். கவுன்சலர் நல்லவராகவே இருந்தாலும் அவர் முன்னால் நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு செமஸ்டரும் பாடம் பதிவு செய்யும் முன் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, செலவு. கலிபோர்னியாவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர், அப்புறம் புத்தகம், பார்க்கிங், சில்லறைக் கட்டணங்கள். வருமானம் குறைவென்றால் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் இந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும். கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் ஃபாஃப்சா என்ற மத்திய அரசுக் கல்வி உதவி விண்ணப்பமும் போடலாம். அதில் கிடைக்கும் பெல் கிராண்ட் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். 2025-26-இல் அதன் உச்சத் தொகை 7,395 டாலர். பகுதி நேரமாகப் படித்தாலும் அதற்கேற்ற பங்கு வரும். கால் ஸ்டேட்டுக்குப் போனபின் செலவு ஏறும்: 2025-26-இல் முழு நேரப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. கடன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், திருப்பித் தர வேண்டாத உதவிகளை எல்லாம் கேட்டு முடியுங்கள்.

எத்தனை வருடம் என்றால், தாளில் இரண்டு, இரண்டு, ஒன்று என்று இருக்கும். வீட்டு வேலையும் பிள்ளைகளும் வைத்துக்கொண்டு செமஸ்டருக்கு இரண்டு பாடம் எடுப்பவருக்கு முதல் பாதியே நாலைந்து வருடம் ஆகலாம். ஆகட்டும். ஒன்றே ஒன்று: உதவித் தொகை வாங்கிக்கொண்டு பாதியில் பாடத்தைக் கைவிடுவது அடிக்கடி நடந்தால் உதவி நின்றுபோகும். நான்கு பாடம் எடுத்து இரண்டை விடுவதற்கு இரண்டு எடுத்து இரண்டையும் முடிப்பது எவ்வளவோ மேல்.

பாடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் அந்த 60 யூனிட்டை வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கில எழுத்து, தர்க்கமாக யோசித்தல், கணக்கு, மேடைப் பேச்சு இந்த நான்கையும் குறைந்தது சி மைனஸ் எடுத்து முடிக்காமல் டிரான்ஸ்ஃபர் கிடைக்காது. நம் பெண்கள் கடைசி வரை தள்ளிப் போடுவது மேடைப் பேச்சைத்தான். அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள் என்பேன். என் வகுப்பில் கிடங்கில் வண்டி ஓட்டும் ஒருவர் இருந்தார், ராணுவத்திலிருந்து வந்த ஒருவர் இருந்தார், பள்ளியை முடித்த கையோடு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் கை நடுங்கியது. நான் கறுப்பு அட்டையில் புள்ளி வைத்துக் கோலம் போடுவது எப்படி என்று பேசினேன். புள்ளிகளை எண்ணி, இழையை வளைத்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து முடித்துக் காட்டியபோது பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு விஷயத்தைச் சிறு சிறு படியாக உடைத்து அடுத்தவருக்குக் காட்டுவது என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இன்று இரண்டாம் வகுப்பில் செய்வதும் அதேதான்.

அடுத்து, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான கணிதம். பிளஸ் டூ கணக்கு தெரியும், இது எதற்கு என்று தோன்றும். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் நாம் ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று படித்தவர்கள். கடன் வாங்கியது என்ன, அது ஏன் பத்தாக மாறுகிறது என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த வகுப்பில் பத்தின் அடுக்கை விட்டுவிட்டு ஐந்தின் அடுக்கில் கூட்டவும் கழிக்கவும் வைப்பார்கள். மரக்கட்டைகளை ஐந்தைந்தாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டி. ஒரு வாரம் எண்ணத் தெரியாத குழந்தை மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். முதல் வகுப்புப் பிள்ளை எண்களை எப்படிப் பார்க்கிறது என்பதை அதைவிட நன்றாக யாரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. குழந்தை வளர்ச்சிப் பாடமும், குழந்தை இலக்கியப் பாடமும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆசிரியர் பணி அறிமுகப் பாடம். இதில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் குறைந்தது 45 மணி நேரம் வகுப்பறையில் இருந்து கவனிக்க வேண்டும். டீச்சர் ஆக ஆசைப்படும் எவரும் இந்தப் பாடத்தை முதல் வருடத்திலேயே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எனக்குக் கிடைத்தது ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் ஆசிரியையின் மூன்றாம் வகுப்பு. அவர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சும்மா காத்திருப்பார். முதலில் தூக்கிய கையை அழைக்க மாட்டார். ஒரு பையன் தப்பான விடை சொன்னால், ‘அதை எப்படி யோசித்தாய் என்று எங்களுக்குச் சொல்’ என்பார். அவன் சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில் அவனுக்கே தெரிந்துவிடும். அறுபது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் ‘தப்பு, உட்கார்’ என்ற சொல்லோடு வளர்ந்த எனக்கு அது புது உலகம். அந்த மணி நேரங்களில் இந்த வேலை உங்களுக்கு ஏற்றதா என்று தெரிந்துவிடும். ஏற்றதில்லை என்று தெரிந்தாலும் நல்லதுதான், அதிகம் செலவாகும் முன்பே தெரிகிறது.

கடைசிக் கட்டத்தையும் இப்போதே மனத்தில் வையுங்கள். கிரெடென்ஷியல் பயிற்சியில் குறைந்தது 600 மணி நேரம் வகுப்பறைப் பயிற்சி உண்டு. அதில் ஒரு பகுதி, நாள் முழுக்கப் பள்ளியில் இருக்க வேண்டிய மாணவ ஆசிரியர் காலம். பெரும்பாலும் சம்பளம் இருக்காது. அந்த மாதங்களுக்கு வீட்டுச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று கணவரோடு இப்போதே பேசி, சிறுகச் சேர்த்து வையுங்கள். படிப்பு வராமல் நின்றவர்களைவிட இந்த இடத்தில் பணம் இல்லாமல் நின்றவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இடையில் உங்கள் வேலையையும் ஒரு படி உயர்த்தலாம். மதிய மேற்பார்வையிலிருந்து வகுப்பறை உதவியாளர் வேலைக்கு மாறப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள டைட்டில் ஒன் பள்ளிகளில் பாடத்தில் உதவும் வேலைக்கு இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு அல்லது அதற்குப் பதிலான ஒரு தேர்வு கேட்பார்கள். தேர்வு எளியதுதான். பள்ளி ஊழியர்கள் ஆசிரியராக மாறப் பண உதவி செய்யும் மாநிலத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, உங்கள் பள்ளி மாவட்டம் அதில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. யூ.சி.யில் (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) இடம் கிடைக்கும் மதிப்பெண் இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆகப் போகிறேன், கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறேன் என்கிறாள். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யார் பிள்ளையும் கம்யூனிட்டி காலேஜ் போனதில்லை. எப்படி எடுத்துச் சொல்வது?
— தந்தை, அர்வைன்

பதில்: ஐயா, மகளிடம் எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. பதினேழு வயதில் என்ன வேலை செய்யப் போகிறேன் என்று தெரிந்து, அதற்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்றும் யோசித்திருக்கிறாள். நான் பெருமைப்படுவேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் பிள்ளையின் கல்லூரிப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். முதல் தடவையாகக் கல்லூரி போகிறவர் முழு நேரம் படித்தால், பல கம்யூனிட்டி காலேஜ்களில் பிராமிஸ் திட்டத்தின் கீழ் இரண்டு வருடத்துக்கு யூனிட் கட்டணமே இல்லை. முப்பது நாற்பது பேர் வகுப்பில் பாடம் எடுப்பவரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டிரான்ஸ்ஃபருக்குப் பின் அவள் கையில் வாங்குவது பல்கலைக்கழகப் பட்டம், அதில் முதல் இரண்டு வருடம் எங்கே படித்தாள் என்று அச்சிட மாட்டார்கள். பள்ளி மாவட்டங்கள் பார்ப்பது கிரெடென்ஷியலையும், மாணவ ஆசிரியராக இருந்தபோது வழிகாட்டிய ஆசிரியர் எழுதும் கடிதத்தையும். சம்பளம் ஒப்பந்த அட்டவணைப்படி வரும், கல்லூரிப் பெயருக்கு அதில் இடமில்லை.

ஒரு விஷயம் மட்டும் மகளிடம் கேளுங்கள்: எங்கே டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறாள்? பட்டத்தோடு கிரெடென்ஷியலும் சேர்ந்து முடியும் திட்டங்கள் கால் ஸ்டேட் வளாகங்களில் அதிகம். 2025 இலையுதிர் காலத்திலிருந்து பொதுப் பாடங்களுக்குக் கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல், யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் சேர்த்து. அதனால் நடுவில் மனம் மாறினாலும் பொதுப் பாடங்கள் வீணாகாது. ஆசிரியருக்கான பாடங்களை மட்டும் போகும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நண்பர்கள் வட்டத்தில் யாராவது கேட்டால், ‘என் மகள் டீச்சராகப் போகிறாள்’ என்று சொல்லுங்கள் ஐயா. முழுப் பதில் அதுதானே.

கேள்வி: கோவையில் பி.இ. முடித்து, இங்கே எச்-4 இ.ஏ.டி.யில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்தவருக்கான வேலை அனுமதி) சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். வேலை போய்விட்டது. டீச்சர் ஆக வேண்டுமானால் கம்யூனிட்டி காலேஜில் முதலிலிருந்து படித்து டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும் என்கிறாள் தோழி. இது சரியா?
— வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: சரியில்லை. நல்ல வேளை, சேரும் முன் கேட்டீர்கள். டிரான்ஸ்ஃபர் என்பது பட்டம் இல்லாதவர்களுக்கான வழி. உங்களிடம் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. கலிபோர்னியா ஆசிரியர் சான்று ஆணையம் ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டு நிறுவனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, உங்கள் மார்க் ஷீட்டுகளைப் பாடவாரியாக மதிப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்கப் பட்டத்துக்குச் சமம் என்று வந்துவிட்டால் சான் ஹோசே ஸ்டேட், ஹேவர்டில் உள்ள கால் ஸ்டேட் ஈஸ்ட் பே போன்ற இடங்களில் நேரே கிரெடென்ஷியல் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம்.

பாட அறிவை நிரூபிக்க சீசெட் தேர்வு இருக்கிறது, மூன்று தாள்கள். இரண்டாவது தாளான கணக்கும் அறிவியலும் உங்களுக்குக் கஷ்டமிருக்காது. முதல் தாளில் ஆங்கில இலக்கியத்தோடு வரலாறும் வரும். 1848-இல் கோலோமாவில் தங்கம் கிடைத்த கதை, ஸ்பானிய மிஷன்கள், மாநிலம் உருவான விதம் எல்லாம் இங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைக்கே பாடம். அமெரிக்க அரசியலமைப்புப் பாடம் ஒன்றோ அதற்கான தேர்வோ சான்றுக்குக் கட்டாயம். இங்கேதான் கம்யூனிட்டி காலேஜ் உங்களுக்கு உதவும். அமெரிக்க வரலாறு, அரசாங்கம், ஆசிரியர் கணிதம் என்று தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. 2025-26 முதல் கலிபோர்னியாவில் நான்கு வயது நிரம்பிய எல்லாப் பிள்ளைகளுக்கும் டி.கே. என்ற, கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு உண்டு. அதை எடுக்கும் ஆசிரியருக்குக் கிரெடென்ஷியலோடு குழந்தைக் கல்வியில் 24 யூனிட் அல்லது அதற்கு ஈடான தகுதி கேட்கிறார்கள். மாலை நேரத்திலும் ஆன்லைனிலும் அந்தப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜ்கள் கொடுக்கின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகள் பிடிக்கும் என்றால் கிரெடென்ஷியல் விண்ணப்பத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் அவற்றை முடித்துவிடலாம்.

விசா பற்றி இரண்டு வரி. எச்-4-இல் படிக்கத் தடை இல்லை. மாநிலத்தில் ஓராண்டும் ஒரு நாளும் வசித்து, இங்கேயே தங்கும் எண்ணத்தையும் காட்டினால் கலிபோர்னியாவாசிக் கட்டணமே வரும். ஆனால் ஃபாஃப்சா உதவி கிடைக்காது, சம்பளத்துக்கு வேலை பார்க்க இ.ஏ.டி. செல்லுபடியாக இருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கும் தேதியைப் படிப்புத் தேதிகளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மூன்று வருட பி.காம். எனக்கும் இதே பதில்தானா?
— வாசகி, சாக்ரமென்டோ

பதில்: உங்களுக்கு மதிப்பீடுதான் முதல் படி, அது வரும் வரை எந்தப் பாடத்துக்கும் பணம் கட்டாதீர்கள். மூன்று வருடப் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்பார்களா, மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதுவார்களா என்பது உங்கள் கல்லூரி, மதிப்பெண், மதிப்பிடும் நிறுவனம் எல்லாவற்றையும் பொறுத்தது. எம்.காம். இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். குறைவு என்று வந்தால் அந்த அறிக்கையோடு அருகிலுள்ள கால் ஸ்டேட் சேர்க்கை அலுவலகத்துக்குப் போய், எத்தனை யூனிட்டை எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மீதிப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் முடிக்கலாம்.

கேள்வி: என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயம். நம் உச்சரிப்போடு ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கச் சொல்லித்தர முடியுமா?
— வாசகி, சான் ஹோசே

பதில்: இரண்டு கேள்வி இதில் இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

சிரிப்பார்களா? முதல் வாரத்தில் யாராவது ஒரு பிள்ளை ‘அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கேட்கும். சொல்லுங்கள். அவ்வளவுதான். கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை. வீட்டில் ஸ்பானிஷ், வியட்நாமியம், தமிழ், அரபி பேசிவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு உடனே அடையாளம் தெரியும். அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே படத்தைக் காட்டி, சைகையில் கேட்டு, ஒரே சொல்லில் பதில் வாங்குவேன். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும் என்பது இந்த வேலையில் பெரிய பலம்.

படிக்கச் சொல்லித்தருவது வேறு விஷயம், அதற்கு உழைக்கத்தான் வேண்டும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொன்றாகக் கற்பிப்பதுதான் இப்போது முதல் வகுப்பின் அடிப்படை. 2021-இல் வந்த சட்டத்தின்படி 2025 ஜூலையிலிருந்து, படிக்கச் சொல்லித்தரும் திறனைச் சோதித்த பழைய ரீக்கா தேர்வு போய், பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித்தருவதை வகுப்பறையிலேயே செய்து காட்டும் மதிப்பீடு வந்திருக்கிறது. நீங்கள் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே ‘வெஸ்ட்’ (west, vest) என்று சொன்னால் மேற்குத் திசையா, மேல்சட்டையா என்று பிள்ளைக்குக் காதில் பிரிய வேண்டும். ஒன்றுக்கு உதடு குவியும், இன்னொன்றுக்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொடும். ‘பிட்’, ‘பெட்’, ‘பேட்’ மூன்றுக்கும் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதைக் கண்ணாடியைப் பார்த்துப் பழகுங்கள். நான் சமையலறை ஜன்னலில் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பழகினேன், இப்போது வகுப்பிலும் பிள்ளைகள் கையில் கண்ணாடி கொடுத்துத்தான் சொல்லித்தருகிறேன். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவர்களுக்குக்கூட நாக்கு எங்கே போகிறது என்று தெரியாது, பயிற்சியில் அவர்களும் படிக்கிறார்கள். நாம் அதைக் கவனித்துக் கற்றவர்கள், அதனால் விளக்கவும் தெரியும்.

தினமும் ஒரு குழந்தைப் புத்தகத்தைச் சத்தமாகப் படியுங்கள். நூலகத்தில் கதை நேரம் நடத்தத் தன்னார்வலராகக் கேட்டுப் பாருங்கள். உச்சரிப்பும் சரியாகும், கூச்சமும் போகும்.

கேள்வி: மதுரையில் தனியார் பள்ளியில் ஆசிரியை. பி.எட். முடித்து நான்கு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் மாணவர் விசாவில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபர் ஆகி, அங்கேயே டீச்சர் ஆகலாம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார்.
— வாசகி, மதுரை

பதில்: வேண்டாம்மா. பி.எட். படித்தவர் மறுபடி முதல் ஆண்டு மாணவியாகச் சேர எந்த அவசியமும் இல்லை. மாணவர் விசாவில் வருபவருக்கு 46 டாலர் யூனிட் கிடையாது, வெளியாருக்கான கட்டணம் பல மடங்கு. மாநில, மத்திய அரசு உதவியும் இல்லை. படித்து முடித்தபின் தங்கி வேலை பார்க்க ஒரு பள்ளி மாவட்டம் விசாவுக்கு முன்வர வேண்டும், தொடக்கப் பள்ளி வேலைக்கு அது எளிதில் நடப்பதில்லை. வீட்டை அடமானம் வைத்து இதற்கு வராதீர்கள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஜே-1 பரிமாற்ற ஆசிரியர் விசா என்று ஒன்று உண்டு. பட்டமும் குறைந்தது இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். மூன்று வருடம் வரை இங்கே அரசுப் பள்ளிகளில் சம்பளத்தோடு வேலை செய்யலாம், நீட்டிப்பும் சில சமயம் கிடைக்கும். அதன்பின் ஊர் திரும்ப வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்புகள் வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள். பெரிய தொகை முன்பணம் கேட்கும் இடைத்தரகர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கேள்வி: நான் ஆண். 29 வயது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு எடுக்கிறேன், மிகவும் பிடித்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஆண்களை எடுப்பார்களா?
— வாசகர், சான் டியேகோ

பதில்: எடுப்பார்கள் தம்பி, தேடித்தான் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் ஆண்கள். எங்கள் பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கும் ஆண் ஆசிரியரின் வகுப்பில் தன் பிள்ளையைப் போடச் சொல்லி ஒவ்வொரு கோடையிலும் பெற்றோர் அலுவலகத்தில் கேட்பதைப் பார்க்கிறேன்.

தமிழ்ப் பள்ளி அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதுங்கள். எந்த வயதுப் பிள்ளைகள், வாரம் எத்தனை மணி நேரம், நீங்களே தயாரித்த பாடம் எது என்று விவரமாக எழுதுங்கள். பள்ளிக்குள் கால் வைக்கும் முன் காசநோய்ப் பரிசோதனையும், லைவ் ஸ்கேன் கைரேகைப் பதிவும் கேட்பார்கள். மாணவ ஆசிரியராகும் முன் ஆணையத்தின் அனுமதிச் சான்றும் வேண்டும், அது வரச் சில வாரம் ஆகலாம். பட்டம் இல்லையென்றால் ஆர்ட்டீசியா வாசகிக்கு எழுதியதைப் படியுங்கள், இருந்தால் ஃப்ரீமான்ட் வாசகிக்கு எழுதியதை. எந்தப் பக்கமானாலும் 45 மணி நேரக் கவனிப்பு உள்ள அந்த அறிமுகப் பாடத்தை வரும் செமஸ்டருக்கே பதிவு செய்யுங்கள். மாலை வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.